துருவ மிட்ஜ்களை வகைப்படுத்துவதும் அடையாளம் காண்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவப் பூச்சிகளைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் அதே பத்து இருபது சந்தேகங்கள்தான் வருகின்றன. முதல் சந்தேகம் பெரும்பாலும் "அங்கே பூச்சியே கிடையாதே" என்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

மிட்ஜ்னா கொசுதானே? எதுக்கு தனிப் பேரு?

பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கொசு இல்லை. இரண்டும் ஈக்களின் வரிசையான டிப்டெராவைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் நீண்ட கால்கள், மெல்லிய உடம்பு, பல கணுக்கள் கொண்ட உணர்கொம்பு. அங்கிருந்து வழி பிரிகிறது. கொசுவின் இறக்கை நரம்புகள் மேல் செதில்கள் படிந்திருக்கும், வாய் நீண்ட ஊசியாக இருக்கும். மிட்ஜுக்குச் செதிலும் இல்லை, ஊசியும் இல்லை, வாயுறுப்புகள் குறுகிப்போயிருக்கும்.

இந்தப் பக்கம் முழுக்க நான் மிட்ஜ் என்று சொல்வது கைரோனோமிடே என்ற குடும்பத்தை. அதே பெயரில் கடிக்கும் மிட்ஜ்கள் என்று செரட்டோபோகோனிடே குடும்பமும் உண்டு, குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இறக்கை இருந்தால் பிரிப்பது எளிது: இறக்கையின் நடு நரம்பு கடிக்கும் மிட்ஜில் இரண்டாகக் கிளைக்கும், நம்முடையதில் கிளைக்காமல் ஓடும். அப்புறம் மார்பின் பின்பகுதியில் நெடுக்குவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கைரோனோமிடே என்று தைரியமாகச் சொல்லலாம். உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது முன்னங்கால்களைத் தூக்கி நீட்டிக்கொண்டிருப்பதும் இந்தக் குடும்பத்தின் பழக்கம்.

கடிக்குமா?

கடிக்காது. ஆர்க்டிக் கோடையில் ஆட்களைப் படுத்துவது கொசுக்களும் கறுப்பு ஈக்களும்தான். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே ஐஸ்லாந்தில் மீவட்ன் என்று ஓர் ஏரி இருக்கிறது, அந்தப் பெயருக்கே மிட்ஜ் ஏரி என்றுதான் பொருள். சில ஆண்டுகளில் கரையோரம் புகைத்தூண் மாதிரி கூட்டம் கூட்டமாக எழும்பும், மூக்கிலும் கண்ணிலும் புகும். ஆனால் அந்தப் புகைத்தூணில் இருக்கும் கைரோனோமிடே ஒன்றும் கடிக்காது.

அண்டார்க்டிகாவில் எத்தனை வகை மிட்ஜ் இருக்கு?

கண்டத்துக்கும் அதை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் சொந்தமானவை இரண்டே இரண்டு. ஒன்று பெல்ஜிகா அண்டார்க்டிகா. 1897 முதல் 1899 வரை நடந்த பெல்ஜியப் பயணத்தில், பெல்ஜிகா என்ற கப்பலில் போன இயற்கையாளர் எமில் ரகோவிட்சா சேகரித்தது. 1900இல் ஜேக்கப்ஸ் அதை விவரித்துப் பெயர் வைத்தார், கப்பலின் பெயரே பேரினத்தின் பெயராகிவிட்டது. 2 முதல் 6 மில்லிமீட்டர் நீளம், பறக்கும் இறக்கை கிடையாது. அண்டார்க்டிக் நிலத்திலேயே பிறந்து அங்கேயே முழு வாழ்க்கையும் வாழும் விலங்குகளில் இதுதான் மிகப் பெரியது! பென்குவின்களும் சீல்களும் கடலை நம்பி வாழ்பவை என்பதால் இந்தக் கணக்கில் வராது.

மற்றது பரோக்லஸ் ஸ்டைனெனியை. இதற்கு முழு இறக்கை உண்டு, பறக்கும். அண்டார்க்டிகாவுக்குச் சொந்தமான இறக்கையுள்ள பூச்சி இது ஒன்றுதான். தெற்கு ஷெட்லாந்தின் ஏரிகளில் இதன் லார்வா, அதாவது புழுப் பருவம், வளர்கிறது. தெற்கு ஜார்ஜியா தீவிலும் தென் அமெரிக்காவின் தென்கோடியிலும் இதே இனம் இருக்கிறது.

மூன்றாவதாக எரெட்மாப்டெரா மர்ஃபியி. இதன் சொந்த ஊர் தெற்கு ஜார்ஜியா. 1960களில் தெற்கு ஆர்க்னியின் சைனி தீவில் செடிகளை நட்டுச் சோதனை செய்தபோது மண்ணோடு வந்து சேர்ந்தது என்று கருதப்படுகிறது. வந்தது நின்றுவிட்டது, இப்போது பரவியும் வருகிறது. அதனால் இதைக் குடியேறி என்று தனியாகத்தான் எண்ணுவேன்.

ஆர்க்டிக்லயும் இதே கதைதானா? ரெண்டு மூணு வகைதானா?

இல்லவே இல்லை, நிலைமை நேர் எதிர். ஆர்க்டிக் பகுதி பெருங்கண்டங்களோடு ஒட்டியிருப்பதால் பூச்சிகள் வந்து சேர நிலவழி இருந்தது, ஏரியும் குட்டையும் ஓடையும் ஏராளம். வடக்கே போகப் போக வண்டுகள், பட்டாம்பூச்சிகள், தும்பிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும், மிட்ஜின் பங்கு மட்டும் கூடிக்கொண்டே போகும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் உள்ள ஹேசன் ஏரி, கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் என்று எங்கே பார்த்தாலும் பூச்சி இனங்களில் பெரும்பங்கு இந்தக் குடும்பம்தான்.

அடையாளம் காண்பவருக்கு இது என்ன வித்தியாசம் என்றால், அண்டார்க்டிகாவில் ஒரு மாதிரியைப் பார்த்து "மூன்றில் எது" என்று கேட்டால் போதும். ஆர்க்டிக்கில் முதலில் துணைக்குடும்பம், அப்புறம் பேரினம், அப்புறம் இனம் என்று படிப்படியாக இறங்கத்தான் வேண்டும். குறுக்கு வழி தேடியவர்கள் எல்லாரும் திரும்பவும் முதல் படிக்கு வந்திருக்கிறார்கள்.

வகைப்பாட்டுல இது எங்கே உட்காருது? சுருக்கமா சொல்லுங்க.

வரிசை டிப்டெரா, கொசுக்களையும் உள்ளடக்கிய குலிகோமார்ஃபா என்ற பிரிவு, குடும்பம் கைரோனோமிடே. குடும்பத்துக்குள் 11 துணைக்குடும்பங்கள். துருவ வேலைக்கு ஐந்தைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி ஆயிற்று: ஆர்த்தோகிளாடினே, டயமெசினே, போடோனோமினே, கைரோனோமினே, டானிபோடினே.

பெல்ஜிகாவும் எரெட்மாப்டெராவும் ஆர்த்தோகிளாடினே. பரோக்லஸ் போடோனோமினே. ஆர்க்டிக்கில் ஆர்த்தோகிளாடினேவும் டயமெசினேவும் கொடிகட்டிப் பறக்கின்றன, கைரோனோமினேவில் டானிடார்சினி என்ற கிளை ஏரிகளில் நிறைய. டானிபோடினே குளிர் கூடக் கூடக் குறைந்துவிடும். ஆகவே வடகோடி மாதிரி ஒன்றில் டானிபோடினே என்று முடிவுக்கு வந்தால் இன்னொரு முறை சரிபார்ப்பது என் வழக்கம்.

இறக்கையே இல்லாததை எப்படி ஈ வரிசையில சேர்த்தாங்க?

இதை அடிக்கடி கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். இறக்கை என்பது பல அடையாளங்களில் ஒன்று. பெல்ஜிகாவின் லார்வாவுக்கு மற்ற ஆர்த்தோகிளாடினே லார்வாக்களுக்கு இருக்கும் அதே தலைக்கூடு, அதே மாதிரி தாடை, வாயின் கீழ்ப்புறம் பல் வரிசை உள்ள அதே தகடு. ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும் அதே திட்டம். டி.என்.ஏவும் அதையே சொல்கிறது. இத்தனை சாட்சி ஒரே பக்கம் கைகாட்டும்போது இறக்கை இல்லாதது ஒரு பொருட்டே இல்லை.

துருவ மிட்ஜ்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே விஷயமும் இதுதான். இறக்கை குறுகுவது, ஆணின் உணர்கொம்பில் இறகுபோன்ற முடி குறைவது, கால் தடிப்பது, இவையெல்லாம் அந்தப் பூச்சி எங்கே எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லும், யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லாது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத கிளைகளில் இந்த மாற்றங்கள் தனித்தனியாக நடந்திருக்கின்றன. குட்டை இறக்கை உள்ளவை எல்லாவற்றையும் ஒரு குவியலாகச் சேர்த்தால் வகைப்பாடு குளிரின் பட்டியலாக ஆகிவிடும்.

சரி, ஏன் இறக்கை போச்சு?

காற்று அடித்துக் கடலுக்கோ பனிப்பரப்புக்கோ கொண்டுபோய்விடும் என்பது பழைய விளக்கம், இப்போதும் மதிப்புள்ளது. அதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது சக்திக் கணக்கு. பறக்கும் தசை சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் பறப்பதைவிட நடப்பது மலிவு. பெரும்பாலான மிட்ஜ்கள் ஆகாயத்தில் கூட்டமாகப் பறந்துதான் இணை தேடும், ஆணின் இறகு உணர்கொம்பு பெண்ணின் இறக்கை ஒலியைப் பிடிப்பதற்கானது. தரையிலேயே கூடி இணையும் பெல்ஜிகாவுக்கு இறக்கையும் வேண்டாம், அந்தக் காதும் வேண்டாம். இரண்டும் ஒன்றாகக் குறைவதற்குக் காரணம் அதுதான்.

ஒரு பூச்சி கையில கிடைச்சா முதல்ல எதைப் பார்க்கணும்?

இறக்கை இருந்தால் முதலில் இறக்கை. ஒரு இறக்கையைக் கழற்றித் தனியாகக் கண்ணாடித் தகட்டில் விரித்து வையுங்கள். தேட வேண்டியது இரண்டே நரம்புகள். ஒன்று, இறக்கையின் நடுப்பகுதியில் நடு நரம்பையும் கீழே உள்ள க்யூபிட்டல் நரம்பையும் இணைக்கும் சிறிய குறுக்கு நரம்பு, எம்-சியு என்று எழுதுவார்கள். அது இருந்தால் டயமெசினே, போடோனோமினே, டானிபோடினே பக்கம். இல்லாவிட்டால் ஆர்த்தோகிளாடினே அல்லது கைரோனோமினே.

இரண்டாவது, மேல்விளிம்பை ஒட்டி ஓடும் ஆர் 2+3 என்ற நரம்பு. எம்-சியு இருந்து, ஆர் 2+3 இல்லாவிட்டால் போடோனோமினே. ஆர் 2+3 இருந்து இரண்டாகப் பிளந்தால் டானிபோடினே. பிளக்காமல் ஒற்றையாக ஓடினால் டயமெசினேவை நினையுங்கள், அதற்குக் கால் பாதத்தின் 4ஆம் கணு பெரும்பாலும் இதய வடிவில் குட்டையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

ஆர்த்தோகிளாடினேவா கைரோனோமினேவா என்பதற்குக் காலுக்குப் போங்கள். முன்னங்காலில் பாதத்தின் முதல் கணுவை அதற்கு மேலுள்ள திபியாவோடு, அதாவது கீழ்க்கால் பகுதியோடு, ஒப்பிட்டு அளந்து பாருங்கள். முதல் கணு நீளமானால் பெரும்பாலும் கைரோனோமினே, குட்டையானால் ஆர்த்தோகிளாடினே. ஆண் என்றால் இன்னொரு உறுதியும் கிடைக்கும், அது அடுத்த கேள்வியில்.

எல்லா திறவுகோலும் ஆணை வைச்சேதான் இருக்கு. ஏன் அப்படி?

திறவுகோல் என்பது அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிப்படியாகப் பெயருக்குக் கொண்டுபோகும் கேள்வி வரிசை. இனத்துக்கு இனம் தெளிவாக மாறுவது ஆணின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்கக் கவ்வி. ஹைப்போபைஜியம் என்பார்கள். ஒரு ஜோடி தடித்த அடிப்பகுதி, ஒவ்வொன்றின் நுனியிலும் விரல் மாதிரி ஒரு துண்டு. ஆர்த்தோகிளாடினேவில் அந்த விரல் கீல் வைத்ததுபோல உள்நோக்கி மடங்கும். கைரோனோமினேவில் மடங்காது, அடியோடு விறைப்பாக ஒட்டிப் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இது மட்டுமே துணைக்குடும்பத்தைச் சொல்லிவிடும்.

அதற்குள்ளே போனால்தான் இனம். அடிப்பகுதியின் உள்விளிம்பில் ஒரு மடல் இருக்கிறதா, இருந்தால் உருண்டையா முக்கோணமா, நடுவில் நீட்டியிருக்கும் கூர் நுனி நீளமா, அதில் முடி உண்டா, விரலின் நுனியில் சின்னப் பல் எங்கே இருக்கிறது. கவ்வியைச் சாய்வாகப் பதித்துவிட்டால் உருண்டை முக்கோணமாகத் தெரியும். அதனால் மேல்பக்கம் நேராகப் பார்க்கிற மாதிரி பதிப்பதற்கு நான் மற்ற எல்லா வேலையையும் விட அதிக நேரம் கொடுக்கிறேன்.

ஆணே இல்லாத இனத்துக்கு என்ன செய்வீங்க?

துருவத்தில் இது நிஜமான சிக்கல். எரெட்மாப்டெரா மர்ஃபியியில் பெண்கள் மட்டும்தான், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். ஆர்க்டிக்கில் அபிஸ்கோமையா விர்கோ என்ற இனமும் அப்படித்தான். ஸ்வீடனின் அபிஸ்கோ ஊரை வைத்துப் பேரினப் பெயர், கன்னி என்ற பொருளில் இனப் பெயர். குறுகிய கோடையில் இணை தேட நேரம் இல்லாத இடத்தில் ஒரே ஒரு பெண் போனாலும் ஒரு குடியிருப்பு உண்டாகிவிடும். எரெட்மாப்டெரா சைனியில் வேரூன்றியதற்கு இதுவும் உதவியிருக்கும்.

இப்படிப்பட்ட இனங்களுக்கு ஆண் திறவுகோல் பயன்படாது. பெண்ணின் உணர்கொம்புக் கணுக்களின் எண்ணிக்கை, விந்துப் பைகளின் வடிவம், வயிற்று நுனித் தகடுகள், அதோடு லார்வாவும் கூட்டுப்புழுத் தோலும், இவற்றைச் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

லார்வாவை வச்சே இனம் சொல்ல முடியுமா?

துணைக்குடும்பம் வரை கண்ணை மூடிக்கொண்டு, பேரினம் வரை பழக்கத்தோடு, இனம் வரை சில சமயம். இதுதான் நேர்மையான பதில். தலைக்கூட்டை வெட்டி, கீழ்ப்பக்கம் மேலே பார்க்கும்படி பதித்து நுண்ணோக்கியில் பாருங்கள். வாயின் கீழ் விளிம்பில் சீப்பு மாதிரி ஒரு பழுப்புத் தகடு, மென்டம் என்று பெயர். நடுப் பல் ஒன்றா இரண்டா, பக்கப் பற்கள் எத்தனை, எது சின்னது என்பதுதான் பேரினத்தின் கையெழுத்து. மென்டத்தின் இருபக்கமும் விசிறிபோல வரிவரியான தகடுகள் இருந்தால் கைரோனோமினே. உணர்கொம்பின் மூன்றாம் கணு திருகாணி மாதிரி வளையம் வளையமாக இருந்தால் டயமெசினே. உணர்கொம்பைத் தலைக்குள்ளேயே இழுத்துக்கொண்டால் டானிபோடினே. வயிற்று நுனியில் நீண்ட குச்சிகள் மேல் முடிக்கற்றை நின்றால் போடோனோமினே.

ஒரு எச்சரிக்கை, என் அனுபவத்திலிருந்து. ஆரம்ப நாட்களில் ஒரே ஓடையிலிருந்து எடுத்த லார்வாக்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒன்றில் நடுப் பற்கள் கூராக, மற்றதில் மழுங்கி, கிட்டத்தட்ட நேர்கோடாக. பெயரெல்லாம் எழுதியாகிவிட்டது. பிறகு ஒரு லார்வா தோலுரிக்கும் தறுவாயில் கிடைத்தது. மேலே பழைய மென்டம், தேய்ந்து மழுங்கியது, அதற்கு அடியில் கண்ணாடி மாதிரி வெளிறித் தெரிந்த புது மென்டம், ஒவ்வொரு பல்லும் ஊசியாக. ஒரே தலைக்குள் என் இரண்டு "வகைகளும்"! கல்லையும் மணலையும் சுரண்டித் தின்னும் லார்வாவுக்குப் பல் தேயும், அவ்வளவுதான். அன்றிலிருந்து தேய்ந்த மென்டத்தைப் பார்த்தால் பக்கப் பற்களையும் தாடையையும் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை.

சின்ன லார்வா ஒரு இனம், பெரிசு இன்னொரு இனமா இருக்குமோ?

அப்படி நினைக்க வைக்கும், ஆனால் பெரும்பாலும் வயசு வித்தியாசம்தான். மிட்ஜ் லார்வாவுக்கு நான்கு பருவங்கள். உடம்பு நீளம் தின்ற தீனியைப் பொறுத்து நீளும், சுருங்கும், அதை நம்பாதீர்கள். தலைக்கூடு கெட்டியானது, ஒரு பருவத்துக்குள் அது வளராது, தோலுரிக்கும்போது மட்டும் ஒரே தாவலில் பெரிதாகும். நூறு லார்வாவின் தலை அகலத்தை அளந்து வரைந்தால் நான்கு குவியல்கள் விழும். திறவுகோல்கள் எல்லாம் நான்காம் பருவத்துக்காக எழுதப்பட்டவை, முதல் பருவத்துக்குப் போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு கோடை முழுக்கத் தேடியும் வளர்ந்த பூச்சி கிடைக்கலை. அப்போ அந்த இனம் அங்கே இல்லைன்னு எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். பெல்ஜிகா லார்வாவாக இரண்டு ஆண்டு வாழ்கிறது, வளர்ந்த பூச்சியின் ஆயுள் பத்து நாளைத் தாண்டுவது அரிது. அலாஸ்காவின் வடகோடியில், அப்போது பாரோ என்றும் இப்போது உட்கியாக்விக் என்றும் அழைக்கப்படும் ஊரருகே உள்ள டன்ட்ரா குட்டைகளில் இரண்டு கைரோனோமஸ் இனங்கள் முட்டையிலிருந்து பறக்கும் பருவம் வர 7 ஆண்டு எடுத்துக்கொள்வதை 1982இல் வெளியான ஆய்வு காட்டியது. பறக்கும் காலமோ மிகக் குறுகியது, எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே சமயத்தில் வெளிவரும். நீங்கள் போன வாரம் அந்த வாரமாக இல்லாவிட்டால் வெறுங்கைதான்.

அதனால் சேற்றையும் பாசியையும் அலசி லார்வா தேடுங்கள். தண்ணீரின் ஓரத்தில் காற்று ஒதுக்கித் தள்ளிய நுரையை வலையில் வாருங்கள், அதில் கூட்டுப்புழுத் தோல்கள் இருக்கும்.

அந்த வெறும் தோலை வச்சு என்ன தெரியும்?

நிறையத் தெரியும், என் கணக்கில் மிகவும் குறைத்து மதிக்கப்படும் பொருள் இதுதான். பூச்சி வெளியேறியதும் தோல் மிதக்கும், ஒரு ஏரியின் பல மூலைகளிலிருந்து வந்தவை காற்றடிக்கும் கரையில் சேர்ந்துகிடக்கும். வயிற்றுக் கண்டங்களின் மேல் உள்ள முள் வரிசைகள், மார்பில் உள்ள சுவாசக் கொம்பு, நுனி மடலின் முடிகள், இவை இனத்துக்கு இனம் மாறும். உயிரைக் கொல்லவும் வேண்டாம்.

இன்னொரு பெரிய உபயோகம்: வெளிவரும் நேரத்தில் இறந்துபோன கூட்டுப்புழுவுக்குள் வளர்ந்த ஆணின் கவ்வி முழுதாகத் தெரியும், அதன் பின்முனையில் லார்வாவின் உரிந்த தலைக்கூடும் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று பருவமும் ஒரே உடம்பில்! லார்வாவுக்கு ஒரு பெயர், ஆணுக்கு வேறு பெயர் என்று தனித்தனியாக அலைந்த எத்தனையோ இனங்கள் இப்படித்தான் ஒன்றுசேர்ந்தன. இது கிடைக்காவிட்டால் லார்வாவை உயிரோடு குளிரில் வைத்து வளர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்லைடு எப்படிப் பண்றது?

70 சதவீத ஆல்கஹாலில் வைத்த மாதிரி உருவம் பார்க்கப் போதும், டி.என்.ஏவும் வேண்டுமென்றால் 95 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள். முதலில் ஒரு காலை டி.என்.ஏவுக்காக ஒதுக்கிவிட்டு, இறக்கையையும் உணர்கொம்பையும் கழற்றுங்கள். மீதி உடம்பை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு விடுங்கள், தசையெல்லாம் கரைந்து தோல் மட்டும் நிற்கும். தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, யூபரால் அல்லது கனடா பால்சம் என்ற பிசினில் பதியுங்கள். இறக்கை, தலை, மார்பு, வயிற்று நுனி எல்லாம் ஒரே தகட்டில் தனித்தனி மூடிக்கண்ணாடியின் கீழ். எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது என்று அப்போதே எழுதி ஒட்டுங்கள், நாளைக்கு ஞாபகம் இருக்காது.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, டி.என்.ஏ பார்த்தா தெரிஞ்சுடுமே?

உதவும், மிகவும் உதவும். சி.ஓ.ஐ என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டை வாசித்து ஒப்பிடுவதுதான் வழக்கமான முறை. லார்வாவையும் ஆணையும் இணைக்க, ஆணே இல்லாத இனத்துக்குப் பெயர் சொல்ல, ஒரே மாதிரி தெரியும் இரண்டு இனங்களைப் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் அந்த எழுத்துகள் தாமாகப் பெயர் சொல்லாது. டி.என்.ஏ ஒப்பீட்டு நூலகத்தில் ஏற்கெனவே யாரோ கவ்வியைப் பார்த்துப் பெயரிட்ட மாதிரியோடுதான் ஒப்பிடுகிறோம். அந்த ஆள் மென்டம் விஷயத்தில் நான் செய்த மாதிரித் தவறு செய்திருந்தால் அந்தத் தவறு நம் முடிவுக்கும் வந்துவிடும். சமீபத்தில் பிரிந்த இனங்கள் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. உருவமும் துண்டும் முரண்பட்டால் இரண்டையும் மறுபடி பாருங்கள், ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள்.

பெல்ஜிகாவின் முழு மரபணுத் தொகுதி 2014இல் வெளியானது, 9 கோடியே 90 லட்சம் எழுத்துகள்தான். அப்போது வரை வாசிக்கப்பட்ட பூச்சிகளில் மிகச் சிறியது அது. மரபணுக்களின் எண்ணிக்கை மற்ற ஈக்களை ஒட்டியே இருக்கிறது, இடையில் உள்ள திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்தான் மெலிந்திருக்கின்றன.

பெல்ஜிகாவையும் எரெட்மாப்டெராவையும் எப்படிப் பிரிக்கிறது? ரெண்டுக்கும் இறக்கை இல்லையே.

எரெட்மாப்டெராவுக்குத் துடுப்பு மாதிரி குட்டையான இறக்கை எச்சம் இருக்கும், பெயரின் பொருளே துடுப்பு இறக்கை. கூட்டத்தில் ஆண்கள் இருந்தால் பெல்ஜிகா, ஏனென்றால் மேலே சொன்ன மாதிரி மற்றதில் ஆண் கிடையாது. பெண் மட்டும் கிடைத்தால் இந்த இரண்டாவது வழி மூடிவிடும். அப்போது இறக்கை எச்சத்தின் வடிவத்தையும் சி.ஓ.ஐயையும் பாருங்கள்.

பலர் செய்யும் தவறு, இடத்தை வைத்துப் பெயர் எழுதுவது. "அண்டார்க்டிக் தீபகற்பத்தில் கிடைத்தது, ஆகவே பெல்ஜிகா." எரெட்மாப்டெரா மனிதர்களின் செருப்பு மண்ணோடு நகரக்கூடியது, ஒரு நாள் அது புது இடத்தில் இறங்கும்போது முதலில் பார்ப்பவர் பழக்கத்தில் பெல்ஜிகா என்று எழுதிவிட்டால் தடுக்க வேண்டிய நேரம் கைவிட்டுப் போய்விடும். சைனியில் அது இருக்கும் மண்ணில் நைட்ரஜன் கூடியிருப்பது தெரிகிறது. அந்த அளவுக்கு மண்ணை மாற்றும் பூச்சி.

இறக்கையோடு, கால் நீண்டு, கொஞ்சம் பெரிதாக ஒன்று தெற்கு ஷெட்லாந்தின் கிங் ஜார்ஜ் தீவில் ஆய்வு நிலையக் கட்டடங்களுக்குள் கிடைத்தால் அது பரோக்லஸ் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். டிரைக்கோசெரா மாக்குலிபென்னிஸ் என்ற குளிர்கால ஈ அங்கே நிலையங்களின் கழிவுநீர் அமைப்பில் குடியேறியிருக்கிறது. அது வேறு குடும்பம், தலை உச்சியில் மூன்று தனிக்கண்கள் இருக்கும். மிட்ஜுக்கு அவை கிடையாது.

பேருக்குப் பின்னாடி சிலதுக்கு அடைப்புக்குறி இருக்கு, சிலதுக்கு இல்லை. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, விதி. பெல்ஜிகா அண்டார்க்டிகா ஜேக்கப்ஸ், 1900 என்று அடைப்பில்லாமல் எழுதினால் ஜேக்கப்ஸ் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது என்று பொருள். பரோக்லஸ் ஸ்டைனெனியை (கெர்க்கெ, 1889) என்றால் கெர்க்கெ வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு யாரோ மாற்றினார்கள் என்று பொருள். பழைய அறிக்கைகளைத் தேடும்போது இந்த அடைப்புக்குறிதான் "வேறு பெயரிலும் தேடு" என்று சொல்லும்.

இமயமலைப் பனியாற்றில நடமாடுற மிட்ஜ் இருக்காமே, அதுவும் துருவ இனமா?

நேபாளத்தின் யாலா பனியாற்றில் −16 டிகிரி செல்சியஸிலும் நடமாடும் இறக்கை குறுகிய மிட்ஜ் ஒன்றை 1984இல் கோஷிமா அறிவித்தார். அது டயமெசா பேரினம். துருவத்திலும் அதே பேரினத்தின் வேறு இனங்கள் இருக்கின்றன என்பதால் உறவு உண்டு, ஆனால் அது மலையின் இனம். எரெட்மாப்டெராவைப் போல இறக்கை குறுகியது என்பதற்காக இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடக் கூடாது, முன்பே சொன்ன காரணம்தான். இது டயமெசினே, அது ஆர்த்தோகிளாடினே.

இவ்வளவு நுணுக்கமா வகைப்படுத்தி என்ன ஆகப்போகுது?

இரண்டு விஷயம் சொல்கிறேன். 1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் புருண்டின், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மலையோடைகளின் மிட்ஜ்களை, முக்கியமாகப் போடோனோமினேவை, உறவு மரமாக அடுக்கிக் காட்டினார். இந்த நிலங்கள் அண்டார்க்டிகா வழியாக ஒரு காலத்தில் இணைந்திருந்தால் மட்டுமே அந்த மரம் பொருந்தும். கண்டங்கள் நகர்வதைப் பற்றி இன்னும் விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது, லார்வாவின் தலைக்கூடு கைட்டினால் ஆனது, ஏரியின் அடிச்சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டு அழியாமல் கிடக்கும். எந்த மட்டத்தில் குளிர் விரும்பும் பேரினங்கள், எந்த மட்டத்தில் வெப்பம் விரும்புபவை என்று எண்ணிப் பழைய கோடைகளின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். தேய்ந்த மென்டத்தைத் தவறாகப் பெயரிட்டால் ஒரு காலத்தின் கோடையே தவறாகிவிடும்.

கடைசியா ஒண்ணு. எவ்வளவு பார்த்தும் இனம் தெரியலைன்னா என்ன எழுதறது?

தெரிந்த படி வரை எழுதுங்கள். பேரினம் உறுதி என்றால் "டயமெசா இனம்" போதும். ஒரு இனத்துக்கு மிக நெருக்கம், ஆனால் ஒரு அம்சம் ஒத்துவரவில்லை என்றால் "ஒப்பிடுக" என்று குறித்து, எந்த அம்சம் என்பதையும் எழுதுங்கள். அரைகுறையாக வைத்த முழுப்பெயர் பட்டியலுக்குள் போய்விட்டால் அதை வெளியே எடுக்க யாருக்கும் முடியாது. தகட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள், எந்த உறுப்பு எந்த மூடிக்கண்ணாடியின் கீழ் என்ற குறிப்போடு. பின்னால் நல்ல ஆண் ஒன்று கிடைக்கும்போது எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.